காத்து வாங்குற பொட்டி

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் உட்கார முடியுமா என்றுதான் அவள் முதலில் பார்ப்பாள். கவிழ்த்து வைத்த கூடை, உடைந்த படகின் மூக்கு, சாக்கு மூட்டை, ரயில்வே கேட்டின் குறுக்குக் கட்டை, எதுவானாலும் சரி. இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் கொடுத்து எடுத்து, "இதுல குந்தினா இடுப்புக்கு எதமா இருக்கும்" என்றோ, "இது ஆவாது, தொடையை அறுக்கும்" என்றோ தீர்ப்புச் சொல்வாள். ஒருமுறை எங்கள் கம்பெனி வாசலில் நின்ற துரையின் மோட்டார் காரையே அப்படி அமுக்கிப் பார்த்துவிட்டு, "சும்மா பளபளன்னு கீது, அவ்ளோதான். முதுகுக்கு ஒண்ணும் கெடையாது" என்று சொல்லிக்கொண்டே போனாள். துரைக்குத் தமிழ் தெரியாது. டிரைவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவன் அந்தக் காரை முதுகைத் தடவிக்கொண்டேதான் ஓட்டினான்.

எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிக் குடியிருந்தாள். பல வருஷம் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரிக்கூடை சுமந்தவள். கழுத்து தோளுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். "பொறக்கும்போது நீட்டாத்தான் இருந்துச்சாம். கப்பக்காரன்தான் தட்டித் தட்டி உள்ள உட்டுட்டான்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்க மாட்டாள். சிரிப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா?

கரி சுமக்க முடியாமல் போன பிறகு அவள் தமாஷ் தோட்டத்தில் பெருக்கும் வேலைக்கு வந்தாள். கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலைப் பார்த்தாற்போல் வேலி போட்ட ஒரு மணல் மைதானம் அது. தோட்டம் என்று பெயர்தான், ஒரு எருக்கஞ்செடிகூட உருப்படியாக முளைத்ததில்லை. அதன் முதலாளி அதற்கு முன்னால் கப்பல்களுக்குக் கயிறும் தாரும் பிஸ்கட்டும் விற்றவர். அந்த வியாபாரம் படுத்ததும், மரக்குதிரை ராட்டினம் ஒன்று, மேலும் கீழும் போகிற தொட்டில் ராட்டினம் ஒன்று, ஆளைக் குள்ளனாகவும் பனைமரமாகவும் காட்டுகிற கண்ணாடி ரூம் ஒன்று, இவற்றை வைத்துக்கொண்டு ஜனங்களைச் சிரிக்க வைக்க இறங்கிவிட்டார். தான் மட்டும் சிரிக்க மாட்டார்.

நான் அப்போது ராயபுரத்தில் ஒரு கரிக் கம்பெனியில் கிளார்க். சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போவதில்லை. வீட்டில் கைக்குழந்தையும் மாமியாரும் இருந்தார்கள். முறை வைத்துக்கொண்டு அழுவார்கள். ஆகவே தோட்டத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். எந்த ராட்டினத்திலும் ஏறியது கிடையாது. பயம் எனக்குக் கூடப்பிறந்தது. டிராம் வளைவில் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வேன். சோடாக்காரன் கோலியை உள்ளே தள்ளும்போது காதைப் பொத்திக்கொள்வேன். துரை என்னைப் பார்த்து 'குட்மார்னிங்' என்று சொன்னால் வேலை போய்விட்டது என்று முடிவு கட்டி, மதியத்துக்குள் வேறு வேலைக்கு மனு எழுதிவிடுவேன். என்னைப் போன்ற ஆசாமிக்கு ராட்டினத்தைப் பார்ப்பதே ஏறியது மாதிரி. ஏறினவர்கள் இறங்கும்போது நானும் வேலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

முதலில் அக்கா செய்த சீர்திருத்தங்களில் ஒரு வம்பும் இல்லை. வாசலில் ஒரு பழைய படகுப் பாயை இழுத்துக் கட்டி நிழல் பண்ணினாள். அதன் கீழே பலகை போட்டாள். மணலில் தண்ணீர் தெளித்தாள். பானையில் குடிதண்ணீர் வைத்தாள். அதற்கு முன்னால் எட்டிப் பார்க்காத பெண்கள், மீன்கூடையோடும் பிள்ளைகளோடும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தவர்கள் பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றினார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தாம்மே, உன் கை நல்ல கை. இனிமே தோட்டத்துல எத்த வோணும்னாலும் நீ சரி பண்ணிக்கோ" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அவரும் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஒரு கல்யாணத்துக்காக அவர் எண்ணூர் போன சமயத்தில், ராட்டினத்திலிருந்து மரக்குதிரைகளை எல்லாம் கழற்றிவிட்டுக் கயிற்றுக் கட்டில்களைக் கட்டிவிட்டாள். மதியத்தில் வந்த பையன்கள் அழ ஆரம்பித்தார்கள்.

"குதிரை எங்க?"

"தூங்கப் பூட்சிடா. நீயும் ஏறிப் படு."

"எனுக்குத் தூக்கம் வர்ல!"

"உனுக்கு வராது. உங்க அம்மாவுக்கு வரும். அத்த ஏத்து."

திரும்பி வந்த முதலாளி கண்ட காட்சியை நானும் கண்டேன். ராட்டினம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கட்டில்களில் மீன்காரப் பெண்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். ராட்டினம் தள்ளுகிறவனும் நடந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நின்று பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். "இன்னாமே, ராட்டினமா, தர்மாஸ்பத்திரியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் நான் பலகையிலிருந்து எழுந்து வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். என்னைத் திட்டவில்லை. ஆனாலும் சத்தம் சத்தம்தானே!

குதிரைகள் திரும்பி வந்தன. அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வாசலில் நின்று உள்ளே வருகிறவர்களை எனக்குக் காட்டினாள்.

"பாரு நைனா. அல்லாரும் நாள் பூரா நின்னுகினு வேலை செஞ்சிட்டு வராங்க. கையில காசு வாங்கிகினு இவுரு போட்டுக் குலுக்குறாரு. இது இன்னா நாயம்?"

"அப்ப ராட்டினம்னா எதுக்குக்கா?"

"தூக்கினு போவணும். நாம தூக்கினதெல்லாம் போதும்பா. நம்மள ஒண்ணு தூக்கினு போவணும். மேல. காத்து கீற எடத்துக்கு. அங்க ஒருத்தனும் பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது."

அதைத்தான் அவள் விளக்குமாற்றுக் காம்பால் ஈரமணலில் வரைந்துகொண்டிருப்பாள். கல்மண்டபத்தில் ஏறிப் படுத்தால் திருவொற்றியூர் கோயில் வாசலில் எழுப்பிவிடுகிற ரயில். அலைக்கு மேலே கட்டிய தூளி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பானைத் தண்ணீர் வைத்த பெரிய சக்கரம். "மேல போவ போவத் தண்ணி நம்ம தலையில கொட்டுமேக்கா?" என்று கேட்டேன். காம்பால் சக்கரத்தின் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். "கொட்டட்டும், வெயில் காலம்தான" என்றாள். கணக்கெல்லாம் அவளுக்கு அந்த மட்டும்தான். தூளிக்கு வைத்துப் பார்த்த முதல் மூங்கில், மணல் மூட்டையோடு முறிந்து விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. வரைந்ததை மறுநாள் காலையில் அவளே பெருக்கித் தள்ளிவிடுவாள். பெருக்குவதுதானே வேலை!

அந்தச் சமயத்தில், உடைக்க வந்த ஒரு பழங்கப்பலின் சாமான்களை முதலாளி ஏலத்தில் எடுத்தார். அதில் சரக்குத் தூக்குகிற கம்பம் ஒன்றும், அதிலிருந்து குறுக்கே நீளும் கைமரமும், கையால் சுற்றுகிற வின்ச்சும் இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்கா போய் அதைக் கேட்டாள், தன் திட்டத்தையும் சொன்னாள். கைமரத்தின் நுனியில் ஒரு பெட்டி தொங்கும். நாலு பேர் சாய்ந்து உட்காரலாம். மெதுவாக மேலே தூக்கி, கடல் பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, மெதுவாக இறக்குவது. காத்து வாங்குற பொட்டி என்று அவளே பெயரும் வைத்திருந்தாள்.

"திருவொற்றியூர் மாசித் திருவிழா வரைக்கும் டைம் தரேன். ஜனம் வந்தா இருக்கட்டும். வர்லேன்னா மரத்தை வித்துடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து எதுவும் பேசக் கூடாது" என்றார் முதலாளி.

அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வரைந்ததில் மணலைவிட்டு எழுந்து நின்றது அது ஒன்றுதான்.

வின்ச் சுற்றத் துறைமுகத்து ஆட்களையே பிடித்தாள். அவர்களுக்குத் தலைவன் ஏகாம்பரம். கண்ணை மூடிக்கொண்டு மூட்டையைப் பூப்போல இறக்குகிறவன் என்று பெயர். கப்பலடியில் சரக்கைத் தூக்க வேண்டுமென்றால் 'ஆபேஸ்' என்பார்கள். இறக்க 'ஆரியா'. எந்த ஊர்ப் பாஷையோ, இந்த இரண்டு வார்த்தையில் உலகத்துக் கப்பலெல்லாம் ஏறி இறங்கின. (எங்கள் துறைமுகத்தில் தூக்கிய சாமான் பலது திரும்ப இறங்கியதில்லை. ஊருக்குள் 'அபேஸ்' என்றால் வேறு அர்த்தம் வந்தது அதனால்தான் என்பது என் சொந்த ஆராய்ச்சி.)

திருவிழாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவொற்றியூர் போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் தோட்டத்தில் மோதின. பெட்டியைச் சுற்றி ஜனம் நின்றது. ஏறத்தான் ஆள் இல்லை. அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நைனா, சொக்காயும் தொப்பியுமா நீ குந்தினா ஜனம் நம்பும். வா."

மாட்டேன் என்று சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். ஆகவே ஏறினேன். "ஆபேஸ்!" என்றான் ஏகாம்பரம். தரை என்னை விட்டுப் போயிற்று.

ஒரு ஆள் உயரம் வரை கௌரவமாக இருந்தேன். கண்ணாடி ரூம் கூரைக்கு மேலே போனதும் பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். இறங்க வேண்டும், எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டும். கல்யாண வீடு, சாவு வீடு, மாமியார், எந்த இடத்திலிருந்து கழன்றுகொள்ளவும் எனக்குத் தெரிந்த சாக்கு ஒன்றே ஒன்றுதான். அதைப் போட்டேன்.

"ஆபீஸ்! ஆபீஸ் போவணும்யா! ஆபீஸ்!"

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதைக்கூட விடுங்கள். கடற்காற்றில் என் 'ஆபீஸ்' கீழே போய்ச் சேரும்போது 'ஆபேஸ்' ஆகிவிட்டது. வின்ச்சுக்காரர்கள் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நான் இன்னும் மேலே போனேன். மேலே போனதால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். சத்தமாகக் கத்தியதால் இன்னும் வேகமாகச் சுற்றினார்கள். "ரைட்டருக்கு தில்லப் பாருடா!" என்று கீழே ஒருவன் சொல்வது கேட்டது. (துறைமுகத்தில் கிளார்க் எல்லாம் ரைட்டர்தான்.) கைமரம் அதற்குமேல் ஏறாது என்று நின்ற இடத்தில், துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் எனக்குக் கீழே செருப்பு விட்ட மாதிரி கிடந்தன. என் தொப்பி கடலுக்குப் போய்விட்டது. "ஆபீஸ்" என்பதற்கு மேல் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியவில்லை.

அக்காதான் ஓடிவந்து "ஆரியா! ஆரியா! அது சொல்றது வேலைக்குப் போற ஆபீஸ்டா, பாவிங்களா!" என்று இறக்கினாள்.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துவிட்டு வரிசையில் நின்றது. ஏறின ஒவ்வொருவனும் "ஆபீஸ்! ஆபீஸ்!" என்று கத்தினான். காக்கிநாடாவிலிருந்து வந்த தெலுங்குக்காரர்கள்கூடக் கத்தினார்கள். திருவிழா முடியும்போது அதற்கு ஆபீஸ் ராட்டினம் என்று பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி போர்டு எழுதி மாட்டினார். மரத்தை விற்கிற பேச்சே இல்லை.

அக்கா மட்டும் வாசல் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, பொட்டி ஜெயிச்சிடுச்சே!"

"கத்துறாங்கபா" என்றாள், வீட்டில் யாருக்கோ ஜுரம் என்பது போல.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. சண்டைக்கு வேண்டிய தெம்பு இரண்டு பக்கமும் இல்லை. முதலாளி, இறக்கும்போது சடாரென்று விடச் சொன்னார். அவர் அந்தப் பக்கம் போனதும் அக்கா, "மெதுவா உடு ஏகாம்பரம். உள்ள கண்ணாடிச் சாமான் கீதுன்னு நெனச்சிக்கோ" என்பாள். அவர் பெட்டியைக் குலுக்கச் சொன்னால், அவள் பெட்டிக்குள் வைக்கோல் மெத்தை போடுவாள். அவர் மெத்தையை எடுத்தால், சாய்மானத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பாள். அது அவர் கண்ணில் படாது. முதுகுக்குத்தான் தெரியும். நாளாக ஆக, பெட்டியில் ஏறினவர்கள் கத்துவதை மறந்தார்கள். பேசாமல் மேலே போய், பேசாமல் கீழே வந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிரிக்க வந்த வாலிபக் கூட்டம் கண்ணாடி ரூமுக்குத் திரும்பிவிட்டது.

இப்போது எனக்கு அவளுடைய அந்த வயது. சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்காலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அவள் எதைக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் உடம்புக்குப் புரிகிறது.

ஒரு நாள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை மரம் வாங்குற மரவாடிக்காரரை வரச் சொல்லிகீறேன். அவுரு நிக்கும்போது ஒரு ஆளாவது அந்தப் பொட்டியில கத்தணும். கத்துனா வெச்சிக்கிறேன். கத்தலே, வித்துடுவேன். ராட்டினம்னா சத்தம் கேக்கணும்மே!"

மறுநாள் ஏகாம்பரம் என் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான்.

"ரைட்டரே, நீங்க வந்து கத்தணும்."

"நானா?"

"உங்கள உட்டா ஆளு ஏது? மெட்ராஸ்லியே உங்கள மாதிரி கத்துறதுக்கு ஒருத்தன் பொறக்கல. அக்காவுக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சா உடாது."

என் பயத்தை மதித்து ஒருவர் அழைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சம்மதித்தேன். அந்த வாரமெல்லாம் மனசுக்குள் கத்திப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அது பொல்லாத வாரம். கரிக்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. இருட்டின பிறகுதான் வீடு. வீட்டில் குழந்தைக்குப் பல் முளைக்கிற வேளை. மாமியாருக்குப் பல் விழுகிற வேளை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு நான் நடந்து போனேன் என்று சொல்ல முடியாது. செருப்பு இழுத்துக்கொண்டு போயிற்று.

முதலாளியும் மரவாடிக்காரரும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியில் ஏறினேன். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அக்கா கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த துணியை மடித்து என் கழுத்துக்குப் பின்னால் செருகினாள். "தலையைச் சாச்சிக்கோ" என்றாள்.

"ஆபேஸ்!"

பெட்டி எழும்பியது. பயம் வரட்டும் என்று காத்திருந்தேன். கூரை போயிற்று. பனைமரத் தலை போயிற்று. வரவில்லை. வழக்கமாக நான் கூப்பிடாமலே வருகிற ஆசாமி! வலிய வரவழைக்கலாம் என்று கீழே எட்டிப் பார்த்தேன். துறைமுகத்தில் கரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எறும்பு வரிசை மாதிரி. அங்கிருந்து ஒரு சத்தமும் மேலே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கத்த வேண்டும் என்று ஞாபகம் வந்து வாயை நன்றாகத் திறந்தேன். ஒரு பெரிய கொட்டாவி வந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஏகாம்பரம் சொல்லித் தெரிந்துகொண்டது. அவன் கீழேயிருந்து "ரைட்டரே! ஆபீஸ்! ஆபீஸ் ரைட்டரே!" என்று அடியெடுத்துக் கொடுத்துப் பார்த்தானாம். மேலேயிருந்து குறட்டைச் சத்தம் வந்ததாம். மரவாடிக்காரர் குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்து, "ஆளு உசிரோடதான கீறாரு?" என்று கேட்டாராம்.

கண் விழித்தபோது பெட்டி தரையில் இருந்தது. வின்ச்சுக்காரர்கள் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். எனக்கு விஷயம் புரிந்து, உடம்பெல்லாம் வேர்த்துப் பயம் வந்தது. எப்போது வருகிறது பாருங்கள்!

அக்கா குனிந்து என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"தூங்கிட்டியா?"

"அக்கா, நான் கத்தத்தான்க்கா வந்தேன். ஏகாம்பரம்..."

"அத்த உடு. நெசமா தூங்கினியா, சும்மா கண்ண மூடிகினு இருந்தியா?"

"தூங்கிட்டேன்க்கா."

"கனா வந்துச்சா?"

"இல்ல."

அவள் நிமிர்ந்தாள். அந்த அமுங்கின கழுத்து நீண்டதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். முதலாளியைப் பார்த்து, "மொதலாளி, ஆளைத்தான் இட்டாந்துகீறீங்களே, கயித்த அவுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவருக்கே என்னவோ போலிருந்தது. "அழுவியேன்னு பார்த்தேன்மே. அடுத்த திருவிழா வரைக்கும் வேணும்னா..."

"இன்னாத்துக்கு? வேலை முடிஞ்சிட்சி" என்றாள்.

நான் அவசரமாக எழுந்தேன். கயிறு அவிழ்க்கவாவது ஒரு கை கொடுக்கலாம் என்று. அவள் என் தோளில் கை வைத்து அமுக்கினாள்.

"நீ இன்னாத்துக்கு எழுந்துக்கற? மரத்தத்தான வாங்கிகினு போறாரு. பொட்டி இங்கதான் கீது. குந்து."

உட்கார்ந்தேன். ஏகாம்பரத்தின் ஆட்கள் கம்பத்தின் உச்சியில் கயிறு கட்டி, அடிக்கட்டைகளைத் தட்டிவிட்டு, கடல் பக்கமாகச் சாய்க்க ஆரம்பித்தார்கள். அக்கா பக்கத்தில் நின்று அவளே குரல் கொடுத்தாள். "ஆரியா... ஆரியா... மெதுவா..." வின்ச்சைப் பிடித்திருந்தவர்களின் கையில் நரம்பு புடைத்தது. முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். மரவாடிக்காரர் நாலடி பின்னால் போனார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மரம் பூப்போல மணலில் படுத்தது, சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.